பெட்டியோடு பெட்டி சேர்த்த லாரிக்காரர்

போன மாதம் எங்கள் பிளாக்குக்கு ஒரு குடும்பம் புதிதாகக் குடிவந்தது. அட்டைப் பெட்டி, சாக்கு மூட்டை, கயிறு கட்டிய கட்டில் கால்கள், போர்வை சுற்றிய கண்ணாடி என்று லாரியிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கி, லிஃப்டில் ஏறி, நான்காவது மாடிக்குப் போய்ச் சேர்வதற்குள் மாலை ஆகிவிட்டது. அன்று லிஃப்ட் கிடைக்காமல் படியேறியவர்களில் நானும் ஒருவன், அதனால் குறை சொல்லும் உரிமை எனக்கு உண்டு. சொல்லப்போவதில்லை. கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். ஒரு மிக்ஸி பெட்டி லாரியிலிருந்து சமையலறை போய்ச் சேர ஐந்து பேர் கை மாறியது.

எழுபது ஆண்டுகளுக்கு முன்பு உலகத்தின் கப்பல் வாணிபமே ஏறக்குறைய இப்படித்தான் நடந்தது. 1954-ல் வாரியர் என்ற சரக்குக் கப்பல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியிலிருந்து ஜெர்மனியின் பிரேமர்ஹாஃபன் துறைமுகத்துக்குப் போனது. அதில் ஏறியவற்றை உருப்படி உருப்படியாக எண்ணி ஓர் ஆய்வு செய்தார்கள். ஐயாயிரம் டன் சரக்கு, மொத்தம் 1,94,582 உருப்படிகள். பெட்டி, பை, பீப்பாய், மூட்டை, வண்டி எல்லாம் சேர்த்து. ஏற்ற ஆறு நாள், இறக்க நான்கு நாள். கடலில் ஓடியதோ பத்தரை நாள்தான். பயணத்தில் பாதிக் காலம் கப்பல் கரையிலேயே நின்றது என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த நிலையை மாற்றியவர் கப்பலைப் பற்றி எதுவும் தெரியாத ஒரு லாரிக்காரர். பெயர் மால்கம் மெக்லீன். திருவொற்றியூர், மணலிப் பக்கம் போனவர்களுக்குச் சாலையோரம் வரிசைகட்டி நிற்கும் கண்டெய்னர் லாரிகளைத் தெரியும். அவற்றின் பின்னால் சிக்கி ஒரு மணி நேரம் நின்றவர்களுக்கு இன்னும் நன்றாகவே தெரியும். அந்தப் பெட்டிகளின் நான்கு மூலையிலும் ஓட்டை போட்ட கனத்த இரும்புக் கட்டைகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மெக்லீனின் கதை கடைசியில் அந்த மூலைக்குத்தான் வந்து சேரும்.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் மேக்ஸ்டன் என்ற சிற்றூரில் 1913 நவம்பரில் பிறந்தார். ஊரில் விவசாயக் குடும்பம். பிற்காலத்தில் தம் பெயரின் ஆங்கில எழுத்துகளில் ஒன்றைத் தாமே எடுத்துவிட்டார். தமிழில் எழுதும் நமக்கு அந்த வித்தியாசம் தெரியாது. 1931-ல் பள்ளிப் படிப்பை முடித்தபோது நாடே பொருளாதார மந்தத்தில் கிடந்தது. கல்லூரிக்கு அனுப்ப வீட்டில் பணமில்லை. பெட்ரோல் பங்கில் வேலைக்குச் சேர்ந்தார். 1934-ல் பழைய லாரி ஒன்றை வைத்துக்கொண்டு, தம்பி ஜிம், அக்கா கிளாரா துணையோடு லாரிப் போக்குவரத்தைத் தொடங்கினார். லாரியை அவரேதான் ஓட்டினார்.

1937-ல் நடந்ததாக அவர் வயதான பிறகு ஒரு சம்பவத்தைச் சொல்லிவந்தார். பஞ்சுப் பொதிகளை ஏற்றிக்கொண்டு நியூ ஜெர்சியின் ஹோபோக்கன் துறைமுகத்துக்குப் போனாராம். தம் லாரியின் முறை வருவதற்குப் பகல் முழுவதும் காத்துக் கிடந்தாராம். ஒவ்வொரு பொதியாக இறக்கிக் கயிற்று வலையில் போட்டுத் தூக்கிக் கப்பலுக்குள் அடுக்குவதைப் பார்த்தபோது, லாரிப் பெட்டியை அப்படியே தூக்கிக் கப்பலில் வைத்தால் என்ன என்று தோன்றியதாம். அழகான கதை. ஆனால் அந்தக் காலத்தில் அவர் இதைப் பற்றிப் பேசியதற்கான தடயம் இல்லை என்று வரலாற்றாசிரியர்கள் சந்தேகப்படுகிறார்கள். எனக்கும் சந்தேகம்தான். அந்த எண்ணம் உண்மையாகவே தோன்றியிருந்தால், மெக்லீனைப் போன்ற ஆள் பதினாறு வருஷம் சும்மா இருந்திருப்பாரா?

கணக்கில் அவர் கறார். டீசல் எங்கே மலிவு, எந்தப் பாதையில் சுங்கம் குறைவு, டிரெய்லரின் பக்கவாட்டுத் தகடு எப்படி இருந்தால் காற்றின் எதிர்ப்பு குறையும் என்று காசு காசாகப் பார்ப்பார். 1950-களின் தொடக்கத்தில் அவருடைய நிறுவனம் அமெரிக்காவின் முன்னணி லாரி நிறுவனங்களில் ஒன்றாகிவிட்டது. போருக்குப் பிறகு கார்கள் பெருகி, கிழக்குக் கடற்கரை நெடுஞ்சாலைகள் நெரிசலில் திணறின. லாரி நிற்க நிற்கப் பணம் கரைந்தது. சாலையை விட்டுவிட்டு, டிரெய்லர்களைக் கப்பலில் ஏற்றித் தெற்கே அனுப்பினால் என்ன என்று 1953 வாக்கில் யோசித்தார்.

யோசனைக்குச் சட்டம் குறுக்கே நின்றது. லாரி நிறுவனம் வைத்திருப்பவர் ஆணையத்தின் அனுமதியில்லாமல் கப்பல் நிறுவனத்தையும் வைத்துக்கொள்ள முடியாது. மற்றவர்களாக இருந்தால் விட்டிருப்பார்கள். மெக்லீனோ இருபது வருஷம் பாடுபட்டு வளர்த்த, லாபத்தில் ஓடிய லாரித் தொழிலைக் கைவிட்டார். 1955-ல் பான்-அட்லாண்டிக் என்ற சிறிய கப்பல் நிறுவனத்தையும், அதன் தாய் நிறுவனமான வாட்டர்மேனையும் வாங்கினார். அதற்கு நியூயார்க் வங்கியில் வாங்கிய கடன் மட்டும் 4.2 கோடி டாலர். வயது நாற்பத்தொன்று. கப்பல் தொழிலில் அனுபவம் பூஜ்யம்.

டிரெய்லரைச் சக்கரத்தோடு ஏற்றினால் சக்கரத்துக்குக் கீழே இருக்கும் இடமெல்லாம் வீண், ஒன்றின்மேல் ஒன்று அடுக்கவும் முடியாது என்பது சீக்கிரமே புரிந்துவிட்டது. சக்கரத்தைக் கழற்றிவிட்டுப் பெட்டியை மட்டும் ஏற்ற வேண்டும். இங்கே கீத் டான்ட்லிங்கர் என்ற பொறியாளர் வருகிறார். அலாஸ்காவுக்குப் போகும் படகுகளுக்காக 1949-லேயே 30 அடி அலுமினியப் பெட்டிகளைச் செய்தவர் அவர். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. மெக்லீன் அவரைத் தேடிப் பிடித்து 33 அடியில் இரண்டு மாதிரிப் பெட்டிகள் கேட்டார். பெட்டிகள் பால்டிமோர் கப்பல் கட்டும் தளத்துக்கு வந்தன. டான்ட்லிங்கர் அங்கே போய்ப் பார்த்தால், முதலாளியும் தம்பியும் மற்ற அதிகாரிகளும் பெட்டிகளின் கூரைமேல் ஏறி நின்று குதித்துக்கொண்டிருக்கிறார்கள். கூரை வளைகிறதா என்று சோதனையாம். வளையவில்லை. இருநூறு பெட்டிகளுக்கு ஆர்டர் கிடைத்தது, டான்ட்லிங்கருக்கு வேலையும் கிடைத்தது.

33 அடி என்று ஏன் வைத்தார்கள்? அவர்கள் வாங்கிய பழைய எண்ணெய்க் கப்பலின் மேல்தளத்தில் அந்த நீளம்தான் மிச்சம் விழாமல் பொருந்தியது. வேறு பெரிய தத்துவம் எதுவும் இல்லை. பின்னால் இந்த அளவுப் பிரச்சினைதான் பத்து வருஷச் சண்டையாக மாறியது.

1956 ஏப்ரல் 26. நியூ ஜெர்சியின் நுவார்க் துறைமுகத்தில் ஐடியல் எக்ஸ் என்ற அந்த எண்ணெய்க் கப்பலின் மேல்தளத்தில் 58 பெட்டிகளை ஏற்றினார்கள். ஏழு நிமிடத்துக்கு ஒரு பெட்டி. எட்டு மணி நேரத்துக்குள் வேலை முடிந்து, அன்றைக்கே கப்பல் டெக்ஸாஸின் ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. மெக்லீன் விமானத்தில் ஹூஸ்டன் போய்க் கரையில் காத்திருந்தார். உதிரிச் சரக்கை ஏற்ற அப்போது டன்னுக்கு 5 டாலர் 83 சென்ட் ஆகும். ஐடியல் எக்ஸில் டன்னுக்கு 16 சென்ட்கூட ஆகவில்லை என்று கணக்கு வந்தது.

பெட்டியை மெக்லீன் கண்டுபிடித்தார் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அது சரியில்லை. ஐரோப்பாவின் ரயில்வேக்கள் உலகப் போருக்கு முன்பே பெட்டிகளை உபயோகித்தன. அமெரிக்க ராணுவம் சிறிய இரும்புப் பெட்டிகளில் சாமான் அனுப்பிக்கொண்டிருந்தது. அவையெல்லாம் கப்பலுக்குள் மற்ற மூட்டைகளோடு இன்னொரு மூட்டையாகத்தான் கிடந்தன. மெக்லீன் கப்பல், கிரேன், லாரி, துறைமுகம் நான்கையும் பெட்டிக்கு ஏற்றபடி மாற்றினார். 1957 அக்டோபரில் கிளம்பிய கேட்வே சிட்டி கப்பலின் வயிற்றில் செங்குத்தான இரும்புச் சட்டங்களை நிறுத்தி, டிபன் கேரியரில் கிண்ணங்களை இறக்குவதுபோல 35 அடிப் பெட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாக இறக்கினார்கள். மொத்தம் 226 பெட்டிகள். மூலைக் கட்டையின் ஓட்டைக்குள் ஒரு கூம்பு நுழையும், கைப்பிடியைக் கால் சுற்று திருப்பினால் பூட்டிக்கொள்ளும். லாரியின் சட்டத்தோடும், கீழே இருக்கும் பெட்டியோடும் அதே பூட்டுதான். இந்த முறுக்குப் பூட்டை வடிவமைத்தவர் டான்ட்லிங்கர்.

எல்லோருக்கும் இது நல்ல செய்தியாக இருக்கவில்லை. 1958-ல் மெக்லீனின் இரண்டு கப்பல்கள் போர்ட்டோ ரிக்கோ போனபோது துறைமுகத் தொழிலாளர்கள் தொட மறுத்துவிட்டார்கள். மாதக்கணக்கில் கப்பல்கள் சும்மா நின்றன. தேவைக்கு அதிகமான ஆட்களை வைத்துக்கொள்ளச் சம்மதித்த பிறகுதான் வேலை நடந்தது. தொழிலாளர்கள் பயந்தது வீண் பயமில்லை. தலைமுறை தலைமுறையாக மூட்டை தூக்கிப் பிழைத்த மன்ஹாட்டன், புரூக்ளின் துறைகள் அடுத்த இருபது ஆண்டில் வெறிச்சோடின. லண்டனின் பழைய துறைகளும் ஒவ்வொன்றாக மூடின. சில துறைமுகங்களில் சங்கங்கள் போராடி வருமான உத்தரவாதமும் ஓய்வுப் பணமும் பெற்றன. ஆனால் அந்தப் பேட்டைகள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

1960-ல் நிறுவனத்தின் பெயர் சீ-லேண்ட் என்று மாறியது. அதற்குள் போட்டிக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு அளவில் பெட்டி செய்தார்கள். ஹவாய்த் தீவுகளுக்கு ஓட்டிய மேட்சன் நிறுவனம் 24 அடிதான் சரி என்றது. தீவில் இருக்கும் சின்னக் கடைகளுக்கு அதற்குமேல் சரக்கு போகாது, மேற்குக் கரைச் சாலைகளில் ஒரு லாரி அப்படிப்பட்ட பெட்டிகள் இரண்டை இழுக்கும் என்பது அவர்கள் வாதம். மெக்லீனுக்கு 35 அடி. நம் வீட்டு டப்பாவுக்குப் பக்கத்து வீட்டு மூடி சேராது என்பார்களே, அதே கதை. ஒருவரின் பெட்டி இன்னொருவரின் கப்பலில் உட்காராது, இன்னொருவரின் கிரேன் அதைத் தூக்காது.

இதற்குத் தீர்வு காண 1958-லிருந்து கமிட்டிமேல் கமிட்டி போட்டார்கள். அவற்றில் ஒன்றின் தலைவர் ஹெர்பர்ட் ஹால் என்ற ஓய்வுபெற்ற பொறியாளர். கப்பல் தொழில் அவருக்குத் தெரியாது. எண்களின் ஒழுங்கில் அவருக்குத் தீராத ஆசை. 10, 20, 30, 40 என்று நான்கு நீளங்கள் போதும் என்றார். சிறியவற்றை ஒன்றோடொன்று இணைத்தால் பெரியது வந்துவிடும். சின்ன வியாபாரி பத்தடிப் பெட்டி எடுக்கலாம், பெரிய தொழிற்சாலை நாற்பது எடுக்கலாம். இரண்டு இருபது, அல்லது ஒரு முப்பதும் ஒரு பத்தும், அல்லது நான்கு பத்து, எப்படிச் சேர்த்தாலும் ஒரே நாற்பதடி இடத்தில் அடங்க வேண்டும்.

கேட்கச் சுலபம். ஆனால் பெட்டிகளை இணைக்க நடுவில் கொக்கி வேண்டும், கொக்கிக்கு இடம் வேண்டும். அதற்கு 3 அங்குலம் ஒதுக்கினார்கள். அதனால்தான் இருபதடிப் பெட்டி உண்மையில் இருபதடி இருக்காது. 19 அடி பத்தரை அங்குலம்தான். இரண்டைச் சேர்த்து நடுவில் 3 அங்குலம் விட்டால் சரியாக 40 அடி. பத்தடிப் பெட்டியின் நீளம் 9 அடி ஒன்பதே முக்கால் அங்குலம். நான்கு பெட்டி, மூன்று இடைவெளி, மறுபடியும் 40. நம்பாதவர்கள் வீட்டில் காகிதம் எடுத்துப் போட்டுப் பார்க்கலாம், நான் இரண்டு முறை போட்டுப் பார்த்தேன்.

1961-ல் அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பு இதை ஏற்றது. 1964-ல் உலகத் தர நிர்ணய அமைப்பும் இந்த நீளங்களை ஏற்றது. மெக்லீனின் 35 அடிக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. உலகத்திலேயே அதிகமாகக் கண்டெய்னர் ஓட்டியவரின் பெட்டி, தரத்துக்குப் புறம்பான பெட்டி ஆகிவிட்டது.

நீளத்தை முடிவு செய்தால் மட்டும் போதாது. மூலைக் கட்டையும் பூட்டும் ஒன்றாக இல்லாவிட்டால் பெட்டிகளை எப்படி இணைப்பது? ஆளுக்கொரு பூட்டு வைத்திருந்தார்கள், ஆளுக்கொரு காப்புரிமை. இருந்தவற்றில் நன்றாக வேலை செய்தது சீ-லேண்டின் பூட்டுதான். அதற்குள் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்ட டான்ட்லிங்கர், அந்தக் காப்புரிமையை எல்லோருக்கும் விட்டுக்கொடுக்கும்படி பழைய முதலாளியிடமே கேட்டார்.

தம் பெட்டியை ஒதுக்கிய கமிட்டிக்கு உதவி செய்ய மெக்லீனுக்கு எந்தக் கடமையும் இல்லை. பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெட்டிக்கும் கட்டணம் வாங்கியிருக்கலாம். 1963-ல் காப்புரிமையைக் கட்டணமின்றி விட்டுக்கொடுத்தார். தர்ம சிந்தனை என்று நான் சொல்ல மாட்டேன். அவருடைய வாழ்க்கையைப் பார்த்தால் அவர் அப்படிப்பட்டவர் இல்லை. எல்லோருடைய பெட்டியும் எல்லோருடைய கப்பலிலும் ஏறினால் தொழிலே பத்து மடங்காகும், அதில் தம் பங்கும் பெருகும் என்று காசு எண்ணும் அவர் மூளை கணக்குப் போட்டிருக்க வேண்டும். எதுவாக இருந்தாலும் விட்டுக்கொடுத்தார். அதில் சில மாற்றங்கள் செய்து 1965-ல் நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் கூடிய உலக அமைப்பின் குழு ஏற்றுக்கொண்டது. சோதனையில் சில கட்டைகள் உடைந்ததால் பிறகு இன்னும் பலப்படுத்தினார்கள். இன்றைக்குச் சாலையில் நாம் பார்க்கும் மூலைக் கட்டை அதன் வாரிசு.

ஹால் நினைத்தபடி பெட்டிகளைக் கொக்கி போட்டு ஒன்றாக்கும் வழக்கம் பெரிதாகப் பரவவில்லை. பத்தடியும் முப்பதடியும் ஏறக்குறைய மறைந்தே போயின. ஆனால் அந்தக் கணக்கு நிலைத்துவிட்டது. இரண்டு இருபதடிப் பெட்டிகள் ஒரே லாரியில் முன்னும் பின்னுமாக உட்காரும். துறைமுகக் கிரேன் இரண்டையும் சேர்த்து ஒரே தூக்காகத் தூக்கும். கப்பலில் இரண்டு இருபதின்மேல் ஒரு நாற்பதை வைக்கலாம். ஆனால் நாற்பதின்மேல் இரண்டு இருபதை வைக்க முடியாது, நடுவில் தாங்க மூலை இல்லையே. எத்தனை பெரிய கப்பலாக இருந்தாலும் அதன் கொள்ளளவை இன்றும் எத்தனை இருபதடிப் பெட்டி என்றுதான் சொல்கிறார்கள்.

1966-ல் சீ-லேண்ட் ஐரோப்பாவுக்குப் போனது. அடுத்த ஆண்டு வியட்நாம். அமெரிக்க ராணுவத்தின் சரக்கு அங்கே துறைமுகங்களில் மலைபோல் தேங்கிக் கிடந்தது. மெக்லீன் நேரில் போய்ப் பார்த்து, ராணுவத்தை நச்சரித்து ஒப்பந்தம் வாங்கி, கேம் ரான் வளைகுடாவுக்குக் கண்டெய்னர் கப்பல்களை ஓட்டினார். போருக்குச் சாமான் கொண்டுபோன வகையில் வந்த பணம் அது. வரும்போது கப்பல்கள் காலியாக வந்தன. வழியில் ஜப்பானில் நிறுத்தி ஏற்றுமதிச் சரக்கை ஏற்றிக்கொண்டால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. போகும் செலவை ராணுவம் கொடுத்துவிட்டதால், திரும்பும் வழியில் கிடைத்ததெல்லாம் லாபம். ஜப்பானின் மின்னணுச் சாமான்கள் அமெரிக்காவில் குவிந்ததற்கு இந்தத் திரும்பும் கப்பல்களும் ஒரு காரணம்.

1969-ல் சீ-லேண்டைச் சிகரெட் நிறுவனமான ஆர்.ஜே. ரெனால்ட்ஸுக்கு விற்றார்கள். இதோடு நிறுத்தியிருந்தால் கதை சுபம். ஆனால் வேகத்தில் அவருக்கு ஒரு மயக்கம் இருந்தது. அவர் காலத்தில் திட்டமிட்ட எஸ்எல்-7 கப்பல்கள் எட்டு, 1972 முதல் வந்தன. மணிக்கு 33 கடல் மைல் வேகம். மறு ஆண்டே எண்ணெய் நெருக்கடி வந்தது. எரிபொருளைக் குடித்துத் தீர்த்த அந்தக் கப்பல்களைக் கடைசியில் அமெரிக்கக் கடற்படைதான் வாங்கிக்கொண்டது. கண்டெய்னர் முதன்முதலில் இந்தியாவில் இறங்கியதும் அதே 1973-ல்தான், கொச்சியில். சென்னைத் துறைமுகத்தில் சரக்குப் பெட்டகத்துக்கென்று தனி முனையம் வர 1983 ஆனது.

சும்மா உட்காரத் தெரியாத மனிதர் 1978-ல் யுனைடெட் ஸ்டேட்ஸ் லைன்ஸ் நிறுவனத்தை வாங்கினார். போன முறை வேகம் காலை வாரிவிட்டது, இந்த முறை எண்ணெயை மிச்சம் பிடிப்போம் என்று, மெதுவாகப் போகும் பிரம்மாண்டமான கப்பல்கள் ஒரு டஜனைக் கொரியாவில் கட்டினார். பூமியைக் கிழக்கு நோக்கியே சுற்றிச் சுற்றி வரும் திட்டம். கப்பல்கள் வந்தபோது எண்ணெய் விலை சரிந்துவிட்டது. அவருடைய மிச்சத்துக்கு மதிப்பில்லாமல் போனது, தாமதம் மட்டும் மிஞ்சியது. 1986 நவம்பரில் நூறு கோடி டாலருக்கும் மேற்பட்ட கடனோடு நிறுவனம் திவாலானது. ஊழியர்கள் வேலை இழந்தார்கள், துறைமுகங்களுக்குப் பாக்கி நின்றது. அந்தப் பெரிய கப்பல்களை மலிவாக வாங்கியது யார் தெரியுமா? அவரே தொடங்கிய சீ-லேண்ட். அதன்பின் சில ஆண்டுகள் மெக்லீன் வெளியில் தலைகாட்டவில்லை.

1991-ல், எழுபத்தேழாவது வயதில், மறுபடியும் ஒரு சிறிய கப்பல் நிறுவனத்தைத் தொடங்கினார். புளோரிடாவின் ஜாக்சன்வில்லிலிருந்து போர்ட்டோ ரிக்கோவுக்கு டிரெய்லர்களையும் பெட்டிகளையும் இழுத்துச் செல்லும் தொழில். தொழிலாளர்கள் ஒருகாலத்தில் அவர் பெட்டிகளைத் தொட மறுத்த அதே தீவு.

2001 மே 25 அன்று நியூயார்க்கில் மெக்லீன் காலமானார். வயது 87. இறுதிச் சடங்கு நடந்த காலையில், உலகின் பல துறைமுகங்களிலும் நடுக்கடலிலும் இருந்த கண்டெய்னர் கப்பல்கள் ஒரே நேரத்தில் சங்கொலி எழுப்பின.